தாத்தாவின் ரைஃபிளுக்குப் புதுக் கட்டை

கேள்வி:

எங்கள் தாத்தா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். தோட்டத்து மேலாளர் இங்கிலாந்து திரும்பும்போது அவரிடமிருந்து ஒரு .275 ரைஃபிளை முறைப்படி உரிமம் மாற்றி வாங்கினார். தாத்தாவுக்குப் பின் அப்பா, அப்பாவுக்குப் பின் வாரிசு முறையில் இப்போது என் பெயரில் உரிமம். இரும்பெல்லாம் நன்றாக இருக்கிறது. மரக்கட்டைதான் போய்விட்டது. கை பிடிக்கும் இடத்தில் நீள விரிசல். அப்பா காலத்திலேயே பித்தளைக் கம்பி சுற்றி வைத்திருந்தார்கள். இப்போது கையால் அழுத்தினால் விரிசல் வாய் திறக்கிறது. குழல் வந்து சேரும் இரும்புப் பகுதியான ரிசீவர் உட்காரும் இடத்தில் மரம் கறுத்து, நகம் பதிகிற அளவுக்கு மெத்தென்று ஆகிவிட்டது.

புதுக் கட்டை போடலாம் என்று முடிவு செய்தோம். மைத்துனர் ஸ்ரீநகரிலிருந்து ஒரு வால்நட் பலகை வாங்கிவந்திருக்கிறார். பார்க்க அவ்வளவு அழகு; ஒரு முனையில் மயில்தோகை விரித்த மாதிரி ரேகை. எங்கள் ஆசாரியோ, "வால்நட்டெல்லாம் எதுக்கு? ஈட்டிக்கு மிஞ்சின மரம் கிடையாது" என்கிறார். பாட்டியின் பழைய ஈட்டி மரக் கட்டில் உடைந்து பரணில் கிடக்கிறது. அதன் காலில் செய்துவிடலாம் என்பது அவர் யோசனை. வீட்டில் சிலர் தேக்கு என்கிறார்கள்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து சுடப் பழகுகிறாள். பிற்பாடு அவளிடம்தான் இது போகும். அவள் கையில் கொடுக்கும்போது பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. எந்த மரம்? எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? பழைய கட்டையில் தாத்தாவின் பெயர் எழுத்துகள் வெட்டிய சின்ன வெள்ளித் தகடு இருக்கிறது. அதை என்ன செய்வது?

– வாசகர், நீலகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இப்படிப்பட்ட துப்பாக்கியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "பழைய கட்டையைக் காப்பாற்ற முடியுமா பாருங்கள்" என்பதுதான். மரம் பழையதென்று மாற்றக் கூடாது. அழுக்கேறிக் கறுத்திருந்தால் துடைத்து எடுக்கலாம். பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணியை மேலே போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால், நசுங்கிய நார் ஆவி குடித்து மேலே எழும்பிவிடும். நாரின் ஓட்டத்தோடு போன விரிசலை எபாக்ஸி ஊற்றி, உள்ளே ஒரு பித்தளை ஆணி கொடுத்துச் சேர்த்தால் இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்கும்.

உங்கள் கட்டை அந்த நிலையைத் தாண்டிவிட்டது. விரிசலைவிட எனக்குக் கவலை தருவது அந்த மெத்தென்ற மரம்தான். ரைஃபிளை எப்போதும் குழல் மேலே பார்க்கச் சாய்த்து வைத்திருப்பீர்கள். குழலிலும் ரிசீவரிலும் போட்ட எண்ணெய் வருஷக்கணக்காக மெல்ல இறங்கி, ரிசீவருக்குப் பின்னால் உள்ள மரத்தில் ஊறியிருக்கும். சுடும்போது உதைப்பை வாங்கிக்கொள்ள வேண்டிய இடம் அது. அங்கே மரம் நொந்துபோனால் இரும்பு ஒவ்வொரு வெடிக்கும் மயிரிழை பின்னால் நகர்ந்து, கட்டையை ஆப்பு மாதிரி பிளக்கத் தொடங்கும். உங்கள் விரிசலும் அப்படி வந்ததாகவே தெரிகிறது. எண்ணெய் ஊறிய மரத்தில் பசையும் பிடிக்காது. சாக்குக்கட்டிப் பொடியைச் சாராயத்தில் குழைத்துப் பூசி எண்ணெயை உறிஞ்சி எடுக்கிற வைத்தியம் உண்டு. ஆனால் அது கறையை எடுக்கும், போன வலுவைத் திருப்பித் தராது. ஆகவே புதுக் கட்டை என்ற உங்கள் முடிவு சரி. பழையதை மட்டும் எறிந்துவிடாதீர்கள். புதிய கட்டைக்கு அதுதான் அச்சு. வேலை முடிந்த பிறகும் துணி சுற்றி அந்தத் துப்பாக்கியோடேயே வைத்திருங்கள்.

இனி மரத்துக்கு வருவோம். ஈட்டி, தேக்கு, வால்நட் மூன்றில் வால்நட்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் ஆசாரி ஈட்டியை மதிப்பது நியாயம்தான். கட்டிலுக்கும் பெட்டிக்கும் அதைப் போல் வேறு மரம் இல்லை. ஆனால் துப்பாக்கிக் கட்டைக்கு வேண்டிய குணம் வேறு. நல்ல வால்நட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 640 கிலோ இருக்கும். ஈட்டி 830 கிலோ அளவில் நிற்கும். உங்கள் ரைஃபிளின் வால்நட் கட்டை ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் அதே அளவு ஈட்டிக்கட்டை ஒன்றே கால் கிலோவுக்கு மேல் போகும். அந்த எடை முழுவதும் பின்பக்கம் சேர்வதால், இரு கைக்கும் நடுவில் நிற்க வேண்டிய சமநிலை தோளுக்கு நகர்ந்துவிடும். உங்கள் மகள் நின்றபடி குறி பார்க்கும்போது குழல் மேலே மேலே ஓடும். தேக்கு எடையில் வால்நட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கதவுக்கும் கப்பலுக்கும் அது ராஜா. ஆனால் திடீர் அதிர்ச்சியைத் தாங்கும் குணம் அதற்குக் குறைவு. கோடரிக்குத் தேக்கில் காம்பு போடுவாரா யாராவது? கை பிடிக்கும் மெல்லிய கழுத்தில் உதைப்பு வாங்கும் வேலையும் அதே ஜாதிதான். போதாததற்குத் தேக்கில் இயற்கையான எண்ணெயும் மணல் போன்ற சிலிக்காவும் உண்டு. உளி சீக்கிரம் மழுங்கும். பிடியில் வெட்டும் நுண்ணிய வைரக் கட்டங்கள் முனை உதிரும்.

வால்நட் இவை எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கிற மரம். எடைக்கு ஏற்ற வலு, அதிர்ச்சியை வாங்கி அடக்கும் குணம், குறுக்கே வெட்டினாலும் நெடுக்கே வெட்டினாலும் ஒரே மாதிரி உளிக்குப் பணிகிற சுபாவம் மூன்றும் அதற்கு உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் பிறகு அது அதிகம் முறுக்கிக்கொள்வதில்லை. இரண்டாம் உலகப் போரில் வால்நட் போதாமல் லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களுக்குப் பீச், பர்ச் மரங்களில் கட்டை செய்தார்கள். வேலை நடந்தது. ஆனால் குடும்பத்துக்கென்று ஒரு ரைஃபிள் செய்யும்போது கையில் எடுப்பது இன்றைக்கும் வால்நட்தான்.

வால்நட்டில் பெயர்கள் பல. ஆங்கில வால்நட், பிரெஞ்சு வால்நட், துருக்கி வால்நட், சர்க்கேசியன் வால்நட் என்றெல்லாம் வியாபாரிகள் சொல்வார்கள். எல்லாம் ஒரே இனம்தான். நாம் அக்ரூட் பருப்பு தின்கிற அதே மரம். மண்ணும் குளிரும் மாற மாற நிறமும் ரேகையும் மாறுகின்றன. காஷ்மீர் வால்நட்டும் அந்த இனமே. ஆகவே உங்கள் மைத்துனர் கொண்டுவந்தது ஏதோ இரண்டாந்தர மரம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கறுப்பு வால்நட் வேறு இனம். கொஞ்சம் கருஞ்சாக்லேட் நிறம், நுண்துளை சற்றுப் பெரிது. தருமபுரி, சேலம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிப்போன கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்த .405 வின்செஸ்டர் அமெரிக்கத் துப்பாக்கி. அந்த நாட்டுத் தொழிற்சாலைகளின் வழக்கமான மரம் இந்தக் கறுப்பு வால்நட். அது பலகையாக இங்கே இறக்குமதியாகிறது. ஆனால் பெரும்பாலும் சூளையில் நீராவி கொடுத்துக் காயவைத்தது. அதில் வெள்ளைப் பகுதிக்கும் நிறம் ஏறும், உள்ளே இருக்கும் நிற வேறுபாடு மங்கிப்போகும். அழகு வேண்டுமென்றால் உங்களிடம் இருப்பதே மேல்.

ஸ்ரீநகர் மரச்செதுக்குக்காரர்கள் ஒரே வால்நட் மரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். வேர்ப்பகுதி ஏறக்குறைய கறுப்பு, கனம், கோடுகள் அடர்த்தி. நடுமரம் இடைப்பட்ட பழுப்பு. கிளை வெளுப்பு, ரேகை ஒன்றும் இருக்காது. துப்பாக்கிக் கட்டைக்கு நான் கேட்பது நடுமரத்தின் அடிப்பகுதி, வேரோடு சேரும் இடம். பின்கட்டையில் கருங்கோடு ஓடும். முன்னால் போகப் போக நேராகிவிடும். பலகையின் இரு முனைகளையும் பார்த்தால் எங்கே வெட்டியது என்று ஓரளவு தெரிந்துவிடும். அங்கே வால்நட் மரத்தை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது என்பதால், வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது அந்த மயில்தோகைக்கு வருகிறேன். நான் பயந்தது அதைப் படித்துத்தான்.

அடிமரம் இரண்டு கிளையாகப் பிரியும் கவையில்தான் அப்படி ரேகை விழும். இரண்டு பக்கத்து நாரும் ஒன்றோடொன்று முட்டி, மடிந்து, புரண்டு கிடக்கும் இடம் அது. கண்ணுக்கு அழகாகத் தெரிவதெல்லாம் அந்தப் புரளல்தான். மரத்துக்கு வலு தருவது நேராக ஓடும் நார்; புரண்ட நார் இல்லை. பின்கட்டையின் கடைசி ஒரு சாணில் தோகை விரிந்தால் பிரச்சினை இல்லை. அங்கே மரம் பருமன், உதைப்பு பரவிப் போய்விடும். அதே தோகை கழுத்தில் வந்தால் கட்டை உடையும்.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த பாடம் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளருக்காக, கவை ரேகை முழுக்கப் பரவிய பலகை ஒன்றை நானே தேர்ந்தெடுத்தேன். எண்ணெய் போட்டு முடித்த அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். பதினோராவது தோட்டாவில் கழுத்து போய்விட்டது. விரிசலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான் ரசித்து ரசித்துத் தேய்த்த அதே கருஞ்சுழியின் ஓரத்தை ஒட்டி, வளைவுக்கு வளைவு தவறாமல் போயிருந்தது. அந்தத் தச்சுக்கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பலகை எடுத்தேன். அன்றிலிருந்து பலகையில் முதலில் நான் பார்ப்பது கழுத்து விழப்போகிற ஐந்தங்குலத்தை மட்டும்தான். அது சரியாக இருந்தால்தான் மற்ற அழகைப் பார்க்கக் கண்ணைத் திருப்புவேன்.

நீங்களே வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரை வைத்து இரும்பிலிருந்து பழைய கட்டையைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஒரு பெரிய அட்டையில் அதைப் படுக்கவைத்து, ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். வரைந்த உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ஓட்டை விழுந்த அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஓட்டைதான் உங்கள் ஜன்னல். பலகையை ஈரத்துணியால் துடைத்தால் நிறமும் ஓட்டமும் எண்ணெய் போட்டது போல் தெளிந்து வரும். ஈரம் காய்வதற்குள் அட்டையை மேலே வைத்து முன்னே பின்னே நகர்த்துங்கள், சாய்த்துப் பாருங்கள். கட்டை நேர்க்கோடு இல்லை. கழுத்தில் கீழ்நோக்கி இறங்குகிறது. நாரும் அந்த இறக்கத்தோடு சேர்ந்தே இறங்க வேண்டும். நார் மேலிருந்து கீழாகக் கழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெளியேறினால் அந்த இடத்தில் கட்டையைப் பிடித்துக்கொண்டிருக்க எதுவும் இல்லை என்று பொருள். அப்படிச் சாய்க்கும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கோணத்தில்தான் கழுத்தும் சரியாக வரும், தோகையும் பின்கட்டையில் விழும். சில பலகையில் அப்படி ஒரு கோணமே இருக்காது. அப்போது, எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நகைப்பெட்டிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ரேகை சில நேரம் ஏமாற்றும். நிறக்கோடு ஒரு பக்கம் ஓடும், நார் வேறு பக்கம் ஓடும். அதைக் கண்டுபிடிக்கப் பேனா மை போதும். கழுத்து விழும் இடத்தை இழைத்து வழவழப்பாக்கி, ஒரு சொட்டு மை வையுங்கள். நுண்துளைகளின் வழியே மை நீளமாகக் கசியும். அது போகிற திசைதான் நார் போகிற திசை. பலகையின் மேல்முகத்தில் மட்டுமல்ல, பக்கவாட்டு முகத்திலும் வையுங்கள். மேலே நேராகத் தெரிந்து பக்கத்தில் சரிந்து ஓடும் பலகைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முன்கட்டைக்கு அழகே வேண்டாம் என்பேன். குழலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பாகம் அது. அங்கே நார் சுருண்டிருந்தால் மழைக்காலத்தில் ஒரு பக்கமும் வெயிலில் மறு பக்கமும் திரும்பும். திரும்புகிற மரம் குழலைத் தள்ளும். நீங்கள் குறி வைத்த இடம் ஒன்றாக இருக்கும், தோட்டா போகிற இடம் வேறாக இருக்கும். கோத்தகிரி மாதிரி மூடுபனி ஊரில் வைத்துக்கொண்டு, சமவெளிக்கு இறங்கிச் சுடப்போகிறவர்களுக்கு இது இரட்டிப்புத் தொல்லை. முன்னால் நேர் நார், கழுத்தில் இறங்கும் நார், பின்னால் உங்கள் இஷ்டம்.

உங்கள் ரைஃபிள் .275 என்பதால் பெரும்பாலும் மௌசர் அமைப்பாகத்தான் இருக்கும். 7 மி.மீ. மௌசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்தான் .275. மௌசருக்குக் கட்டை ஒரே துண்டு. அதனால் பலகை ஏறக்குறைய 36 அங்குல நீளம், இரண்டரை அங்குலக் கனம், பின்பக்கம் ஏழெட்டு அங்குல அகலம் இருந்தாக வேண்டும். உங்கள் பாட்டியின் கட்டில் காலில் இந்த அகலம் கிடைக்காது. ஒட்டிச் சேர்க்கவும் கூடாது. நம் ஊரில் பலரிடம் இருக்கும் .315 ரைஃபிள் லீ-என்ஃபீல்டு வழியில் வந்தது. அதில் பின்கட்டையும் முன்கட்டையும் தனித்தனி என்பதால் சின்னத் துண்டுகளே போதும். அந்த ரைஃபிள் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய லீ-என்ஃபீல்டில் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டின் சதுர நுனி முன்கட்டைக்குள் உள்ள தகட்டில் மாட்டி நிற்கும். முன்கட்டையை முதலில் கழற்றாமல் அந்த போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். நல்ல கட்டைகள் பல இப்படி வீணாகியிருக்கின்றன.

ஈட்டிக் கட்டில் காலுக்கு நான் வேறு வேலை வைத்திருக்கிறேன். பழைய ஆங்கில ரைஃபிள்களில் முன்கட்டையின் நுனியில் கருங்காலியோ எருமைக் கொம்போ ஒரு சின்னத் துண்டு பொருத்தியிருக்கும். முன்கட்டையின் வெட்டுவாயில் ஈரம் ஏறாமல் தடுக்கவும், பார்வைக்கு ஒரு முடிவு தரவும் அது உதவும். உங்கள் ரைஃபிளுக்கு அந்த நுனித் துண்டையும், பிடியின் அடியில் வரும் வட்ட மூடியையும் பாட்டியின் ஈட்டியில் செய்யச் சொல்லுங்கள். இரண்டும் சேர்த்து ஒரு கைப்பிடி மரம்தான், எடை கூடாது. காய்ந்து பல தலைமுறையான மரம் அது, இனி அசையாது. இன்றைக்குப் பச்சை ஈட்டியைத் தேடிப் போகவே வேண்டாம். அதை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். தாத்தாவின் ரைஃபிளில் பாட்டியின் மரமும் சேரும் என்று உங்கள் ஆசாரியிடம் சொல்லிப் பாருங்கள். மறுக்க மாட்டார்.

வெள்ளித் தகட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் புதுக் கட்டைக்கு மாற்றுங்கள், பழைய இடத்திலேயே, அதே அளவில். மெருகு போட்டு எழுத்தைத் தேய்த்துவிடக் கூடாது. 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹெவெட் பரிசளித்த ரைஃபிளும் ரிக்பி நிறுவனம் செய்த .275 தான். அதன் கட்டையிலும் அந்தச் செய்தி பொறித்த வெள்ளித் தகடு உண்டு. அது யாருடைய துப்பாக்கி என்பதை இரும்பைவிட அந்தச் சின்னத் தகடுதான் சொல்கிறது. உங்கள் தாத்தாவுடையதற்கும் அப்படித்தான்.

மகளுக்காக என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அளவும் அவளுக்குத்தான் எடுக்க வேண்டும். ட்ரிகரிலிருந்து பின்தட்டின் நடுப்பகுதி வரை உள்ள நீளம் ஆணுக்குச் சாதாரணமாகப் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் போகும். சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்குப் பதின்மூன்றே போதும். அரை அங்குலம் கூடினால்கூடத் தலையை நீட்டி எட்டிப் பார்க்க வேண்டிவரும். தோளில் உதைப்பும் அதிகமாகத் தெரியும். அவள் வழக்கமாகப் போடும் சட்டையோடு வந்து நிற்கட்டும்; கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் ஏற்றிவிட்டுக் கண்ணைத் திறந்தால் குறிமுனை நேரே தெரிய வேண்டும். அழகான கட்டை என்பதில் பாதி இதில் இருக்கிறது. பொருந்தாத கட்டையை யாரும் ஆசையாக எடுப்பதில்லை.

யாரிடம் கொடுப்பது? இரும்பைத் தொடுகிற வேலையை உங்கள் ஆசாரி செய்யக் கூடாது. அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவரிடம் ரைஃபிளை விட்டுவைத்தால் சிக்கல் அவருக்கும், உங்களுக்கும். பழைய கட்டையை மாதிரியாக வைத்து வெளிவடிவத்தை ஓரளவு வெட்டித் தரும் வேலையை அவர் செய்யலாம். உட்பள்ளம் எடுப்பதை உரிமம் உள்ள தொழிலாளி செய்யட்டும். கொடுக்கும்போது துப்பாக்கி எண்ணோடு ரசீது வாங்குங்கள். எண் இருப்பது இரும்பில். கட்டை மாறுவதால் அது மாறாது. குழலை மட்டும் ஒரு நூல்கூடக் குறைக்கச் சொல்லாதீர்கள், அதற்குத் தனி உரிமம் கேட்கும் சட்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு வாரிசாக வந்ததையும் சேர்த்து பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டு. மகளுக்கு மாற்றும் நாளில் இவை நினைவிருக்கட்டும்.

நல்ல தொழிலாளி உட்பள்ளம் எடுப்பதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சிம்னி விளக்கின் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் மெல்லிசாகப் பூசுவார். மரத்தில் வைத்து அழுத்தி எடுப்பார். எங்கே கரி ஒட்டியதோ அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல், காகிதத்தைவிட மெல்லிசாக. மறுபடி பூசி, மறுபடி வைத்து, மறுபடி சீவல். பள்ளம் முழுக்க ஒரே சீராகக் கறுப்பு விழும்வரை இது போகும். நூறு தடவைக்கு மேலும் ஆகலாம். ரிசீவரின் அடியில் துருத்தி நிற்கும் இரும்புப் பல் உதைப்பை மரத்துக்கு மாற்றும் இடம். அதன் பின்முகம் முழுவதும் மரத்தில் படிந்திருக்க வேண்டும். அதே நேரம் ரிசீவரின் வால் முடியும் இடத்தில் மயிரிழை இடைவெளி விட வேண்டும். அங்கே இடைவெளி விடாவிட்டால் வால் உளியாகிக் கழுத்தைப் பிளக்கும். வேலையைக் கொடுக்கும்முன் அவரிடம் இந்த இரண்டையும் பற்றிக் கேளுங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம். கீறல் விழுந்தால் மொத்தமாகச் சுரண்ட வேண்டிவரும். கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயைச் சில சொட்டு உள்ளங்கையில் விட்டு, மரம் சூடேறும்வரை தேய்த்து, காயவிட்டு மறுபடி தேய்ப்பதுதான் பழைய முறை. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நாளாவது வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். இரண்டு மூன்று வாரம் போனால்தான் மரத்தின் உள்ளிருந்து நிறம் எழும். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். புதுக் கட்டை வந்தபின் ரைஃபிளைப் பூட்டிவைக்கும்போது குழல் கீழே பார்க்க வையுங்கள்.

இதெல்லாம் பலகை காய்ந்திருந்தால்தான். காயாத மரத்தில் பள்ளம் எடுத்தால் ஆறு மாதத்தில் அத்தனை உழைப்பும் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று கணக்குச் சொல்வார்கள். ஸ்ரீநகரில் எத்தனை வருஷம் கிடந்தது என்று வியாபாரி சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பலகையின் இரு முனைகளிலும் மெழுகு பூசி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் அடியில் குச்சி கொடுத்துப் படுக்கவையுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பலகையின் மேலேயே சாக்குக்கட்டியால் எழுதுங்கள். உங்கள் அளவுப் பலகை ஆறு கிலோவை ஒட்டி இருக்கும். ஒரு சதவீத ஈரம் போனால் ஐம்பது அறுபது கிராம் குறையும், தராசில் நன்றாகவே தெரியும். வடகிழக்குப் பருவமழையில் எடை கொஞ்சம் ஏறினாலும் பதறாதீர்கள். ஜனவரி பிறந்து, நான்கு வாரம் தொடர்ந்து ஒரே எடை நின்றால் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.